விளம்பரம் வரும் வரை

மார்ச் 2

அன்புள்ள அண்ணிக்கு,

கிழிச்சுப் போடறதா இருந்தா, முழுசாப் படிச்சுட்டுக் கிழிங்க.

உங்க புது வீட்டு விலாசம் எனக்குத் தெரியாது. கண்ணாடிக் கடை விலாசம் கிடைச்சதே அதிர்ஷ்டம்தான். எங்க பல் லேபுக்கு அளவு அனுப்புற டாக்டர் ஒருத்தர் போன வாரம் புதுக் கண்ணாடியோட வந்து நின்னார். "அங்க ஒரு அம்மா கண்ணு டெஸ்ட் பண்ணினாங்க. தலையை லேசா அசைச்சதுக்கு அப்படி ஒரு திட்டு"ன்னார். யாருன்னு நான் கேக்கவே வேண்டியிருக்கல. கண்ணாடி உறையில இருந்த கடைப் பேரைக் குறிச்சு வெச்சுக்கிட்டேன்.

போன் பண்ணாம எதுக்குக் கடிதம்னு நினைப்பீங்க. நீங்களும் அண்ணனும் பிரிஞ்ச அந்த வாரமே அம்மா அவங்க தலையில என் கையை வெச்சு, "இனிமே அவகிட்ட போன்ல பேசமாட்டேன்"னு சத்தியம் வாங்கிட்டாங்க. நல்லாக் கவனிங்க. போன்ல பேசமாட்டேன், அவ்வளவுதான் சத்தியம். தபால்னு ஒண்ணு இன்னும் இருக்குங்கறதே அவங்களுக்கு ஞாபகம் வரல. எனக்கு ஞாபகம் வர ஒரு வருஷம் ஆச்சு, அதை நினைச்சாத்தான் வெக்கமா இருக்கு.

சரி, விஷயத்துக்கு வர்றேன். நீங்க உங்க வீட்லயும் நான் எங்க வீட்லயும் போன் ஸ்பீக்கரைப் போட்டுக்கிட்டு வெள்ளிக்கிழமைதோறும் பாத்தோமே, நம்ம இன்ஸ்பெக்டரம்மா டி.வி. தொடர், அதை எடுத்தாங்களே அந்தத் துறைமுக ஊரு, அங்க இப்ப ஒரு நடைச் சுற்றுலா ஆரம்பிச்சிருக்காங்க. வழிகாட்டி ஒருத்தர் தெருத்தெருவாக் கூட்டிட்டுப் போவாராம். தொடர்ல வந்த காட்சியைப் பெரிய படமாப் போட்டு வெச்சிருக்காராம். அந்தந்த இடத்துல அதைத் தூக்கிப் பிடிச்சு, "இந்த வாசல்தான் அந்த வாசல்"னு காட்டுவாராம். மருந்துக்கடை, கைப்பிடி உடைஞ்ச படிக்கட்டு, லாண்டரி, பல் டாக்டர் வீடு, கடைசியாப் படகுத்துறை. காலையில ரயில் ஏறினா சாயங்காலம் வீடு.

அந்த ரயிலைப் பத்திக் கேளுங்க. உங்க ஊர்லேர்ந்து ஒண்ணு வருது, எங்க ஊர்லேர்ந்து ஒண்ணு வருது. ரெண்டையும் ஜங்ஷன்ல கோத்து ஒரே ரயிலாத் துறைமுகத்துக்கு அனுப்புறாங்க. திரும்பி வரும்போது அதே ஜங்ஷன்ல ரெண்டாக் கழட்டி, உங்க பாதி உங்க ஊருக்கு, எங்க பாதி எங்க ஊருக்கு. நமக்குன்னே யாரோ உக்காந்து யோசிச்ச மாதிரி இல்ல?

ஏப்ரல் மூணாவது ஞாயித்துக்கிழமை. வாங்க அண்ணி.

இன்னும் ஒரே ஒரு கேள்வி. கடைசிப் பகுதியைப் பாத்துட்டீங்களா?

வாலு


மார்ச் 11

வாலுக்கு,

கவர் மேல கொட்டை எழுத்துல "அண்ணி அவர்களுக்கு"ன்னு எழுதி, கீழ கடைப் பேரைப் போட்டிருக்கே. தபால்காரர் உள்ள வந்து, "இங்க யாருங்க அண்ணி?"ன்னு சத்தமாக் கேட்டார். லென்ஸ் தேய்க்கிறவர்லேர்ந்து கண் டெஸ்ட்டுக்குக் காத்திருந்தவங்க வரைக்கும் எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. நான் கையைத் தூக்க வேண்டியதாப் போச்சு. இப்ப கடையில எல்லாரும் என்னை அண்ணின்னுதான் கூப்பிடறாங்க. திருப்திதானே?

நான் உன் அண்ணி இல்ல. சீக்கிரமே சட்டப்படியும் இல்லாம ஆகிடுவேன், கோர்ட்ல தேதிக்குக் காத்துட்டிருக்கோம். ஒரு வீட்டை விட்டு வந்தப்புறம் அந்த வீட்டுப் பொண்ணோட ரயில் ஏறி ஊர் சுத்தறது நல்லா இருக்காது. உங்க அம்மா காதுக்குப் போனா உனக்குத்தான் கஷ்டம். உங்க அண்ணனுக்கும் சங்கடம். நான் வரலை.

நீ நல்லா இருக்கேன்னு தெரிஞ்சதுல சந்தோஷம். லேப்ல பிளாஸ்டர் தூசிக்கு மூக்கைக் கட்டிக்கோன்னு சொன்னேனே, கட்டிக்கிறியா? இல்ல வழக்கம்போல மாஸ்க்கைக் கழுத்துல தொங்கவிட்டுட்டுத் திரியறியா?

அப்புறம், நீ எழுதின வரிசை தப்பு. படிக்கட்டுக்கு அப்புறம்தான் மருந்துக்கடை. இன்ஸ்பெக்டரம்மா மழையில நனைஞ்சுக்கிட்டே படிக்கட்டு ஏறி வந்து, மேல நின்னுதான் மருந்துக்கடையில விளக்கு எரியறதைப் பாப்பாங்க. அதை மாத்திக் காட்டினா முதல் பகுதியே அடிபட்டுப் போயிடும். லாண்டரிக்கு ரெண்டு வாசல். முன்வாசலை மட்டும் காட்டி அனுப்பிட்டா ஏமாறாதே, பின்வாசலைக் கேளு. காணாமப் போன மருந்துக்கடைப் பொண்ணோட குடை அங்கதான் கிடைச்சது. பல் டாக்டர் வீட்டு மாடி ஜன்னலையும் நல்லாப் பாரு. அந்த ஜன்னல்லேர்ந்து படகுத்துறை தெரியுதான்னு நின்னு பாக்கணும். தெரிஞ்சா அந்த ஆள் சொன்னதெல்லாம் பொய். அந்தப் பல் டாக்டர்தான் செஞ்சிருப்பான்னு நான் இன்னும் சொல்றேன்.

போறதா இருந்தா தனியாப் போகாதே. லேப்ல யாரையாவது கூட்டிட்டுப் போ.


மார்ச் 15

அண்ணி இல்லாதவங்களுக்கு,

கவர் மேல இந்தத் தடவை "கண் டெஸ்ட் செய்யும் மேடம்"னு போட்டிருக்கேன். பாத்தீங்களா, நானும் மரியாதை தெரிஞ்சவதான்.

வரலைன்னு சொல்ல ரெண்டு வார்த்தை, லாண்டரிக்குப் பின்வாசல் உண்டுன்னு சொல்ல அரைப் பக்கம். வராதவங்களுக்கு எதுக்கு மேடம் பின்வாசல்?

அதை விடுங்க. "செஞ்சிருப்பான்னு நான் இன்னும் சொல்றேன்"னு எழுதியிருக்கீங்க. கடைசிப் பகுதி வந்து ஒரு வருஷம் ஆச்சு, ஊருக்கே தெரியும் யாருன்னு. பாத்தவங்க செஞ்சான்னு எழுதுவாங்க, இல்ல செய்யலைன்னு எழுதுவாங்க. செஞ்சிருப்பான்னு எழுதறது பாக்காதவங்க மட்டும்தான். இன்ஸ்பெக்டரம்மாகிட்ட நாலு வருஷம் பாடம் படிச்சது வீணாப் போகலை. இதைக் கண்டுபிடிச்சப்போ மேல்வரிசைப் பல் செட் ஒண்ணைக் கையில வெச்சிருந்தேன். குதிச்ச குதியில ஒரு கடைவாய்ப்பல் கழண்டு மேஜைக்கு அடியில ஓடிடுச்சு. முட்டி போட்டுத் தேடி எடுத்தேன்.

பல் டாக்டரை நீங்க சும்மா சந்தேகப்படாதீங்க. பல் சம்பந்தப்பட்ட யாரையும் உங்களுக்குப் பிடிக்காது, என்னைத் தவிர.

நானும் பாக்கலை, அண்ணி.

அன்னிக்கு வெள்ளிக்கிழமை. எட்டு மணிக்குத் தொடரோட பாட்டு ஆரம்பிச்சதும் வழக்கம்போல, விளம்பரம் வர்ற வரைக்கும் பேசக் கூடாதுங்கற நம்ம சட்டத்தோட, போன் போட்டேன். அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. நீங்க அடுப்பை அணைச்சுட்டு வருவீங்கன்னு நினைச்சேன். மறுபடி போட்டேன். பாட்டு முடிஞ்சு பேரெல்லாம் போட ஆரம்பிச்சதும் டி.வி.யை நிறுத்திட்டேன். நீங்க எடுத்தப்புறம் பாத்துக்கலாம், விட்டுட்டுப் பாத்தா தப்பாட்டம்னு. கொஞ்ச நேரத்துல அண்ணன் ஒரு பையோட வாசல்ல வந்து நின்னான். "அவ போயிட்டா"ன்னு மட்டும் சொன்னான். "சாப்பிட்டியாடா?"ன்னு அம்மா அவனைக் கேட்டாங்க. என்னை யாரும் ஒண்ணும் கேக்கலை. எனக்கும் ஒருத்தர் போயிட்டாங்கன்னு அந்த வீட்ல யாருக்கும் தோணலை.

நீங்க ரெண்டு பேரும் எதனால பிரிஞ்சீங்கன்னு நான் கேக்கவே மாட்டேன். அது உங்க ரெண்டு பேர் விஷயம். அண்ணனை விட்டுட்டுப் போனீங்க, சரி. என்னை எதுக்கு விட்டுட்டுப் போனீங்க? நான் உங்ககூட என்னிக்காவது சண்டை போட்டிருக்கேனா? எனக்கு உங்க மேல ரொம்பக் கோவம். ஒரு வருஷமாக் கோவம். இதை எழுதும்போது கண்ணுல தண்ணி வருது. பிளாஸ்டர் தூசின்னு பக்கத்து மேஜைக்காரிகிட்ட சொல்லி வெச்சிருக்கேன். அவ நம்பலை, நான் மாஸ்க் போட்டிருக்கேன்.

இதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. ரயிலுக்கு வர்றதும் வராததும் அப்புறம்.

வாலு


மார்ச் 24

வாலுக்கு,

எழுதி எழுதிக் கிழிச்சேன், அதான் தாமதம்.

நீ போன் பண்ணினப்போ அதைக் கையிலதான் வெச்சிருந்தேன். புது ரூம். கட்டில் வரல, டி.வி. கிடையாது, பெட்டி மேல உக்காந்திருந்தேன். கீழ் வீட்ல டி.வி. ஓடுது. நம்ம தொடரோட பாட்டு தரை வழியா ஏறி வருது. கையில உன் பேர் அடிக்குது. எடுத்தா விளம்பரம் வரைக்கும் சமாளிச்சிடலாம். விளம்பரம் வந்தா நீ கேப்பியே, "என்ன அண்ணி, குரல் ஒரு மாதிரி இருக்கு?"ன்னு. அதுக்கு நான் என்ன சொல்றது?

அன்னிக்குக் காலையில, நான் வீட்டைக் காலி பண்ணும்போது, உங்க அம்மா வந்திருந்தாங்க. குத்திக் காட்டலை, அவங்களும் அழுதுக்கிட்டேதான் சொன்னாங்க. "எங்க வீட்டுலேர்ந்து வந்தது எதையும் வெச்சுக்காதேம்மா. பாக்கப் பாக்க மனசு ஆறாது." எனக்கும் அது சரின்னு பட்டுச்சு. குக்கர், போர்வை, சுவர்க்கடிகாரம் எல்லாத்தையும் அனுப்பிட்டேன். கண் கெட்டுடும்னு சொல்லி உங்க அண்ணன் வாங்கித் தந்த மேஜை விளக்கையும் அனுப்பிட்டேன். கடைசியில பாத்தா நீயும் அந்த வீட்டுலேர்ந்து வந்தவதானே? மத்ததெல்லாம் திருப்பிக் கொடுத்துட்டு உன்னை மட்டும் எப்படி வெச்சுக்கறது? அதான் எடுக்கலை. உன் மேல எனக்கு ஒரு நாளும் கோவம் வந்ததில்ல. நீ கோவமா இருந்தா அது நியாயம்.

நீ கண்டுபிடிச்சது சரி. நான் பாக்கலை. பாக்காம இருந்தது லேசுப்பட்ட வேலை இல்ல. கடைக்கு வர்றவங்க எல்லாம் அதையே பேசினாங்க. ஒருத்தர் கண் டெஸ்ட் பண்ற மெஷின்ல முகத்தை வெச்சுக்கிட்டே, "கடைசியில பாத்தீங்கன்னா"ன்னு ஆரம்பிச்சார். "பேசாதீங்க, தாடை அசைஞ்சா பவர் மாறிடும்"னு அதட்டினேன். அப்படியெல்லாம் மாறாது. அந்த மனுஷனும் பயந்துபோய் கடையை விட்டு வெளியே போற வரைக்கும் வாயைத் திறக்கல.

ஞாயித்துக்கிழமை வர்றேன்.

ஆனா உங்க அண்ணன் பேச்சு எடுக்கக் கூடாது. உங்க அம்மா பேச்சும் கூடாது. நாலு பேர் முன்னாடி அண்ணின்னு கூப்பிடக் கூடாது, யாராவது உறவு கேட்டா என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல. வழிகாட்டி முடிவைச் சொல்லிடுவானான்னு முன்னாடியே விசாரி. திரும்பும்போது ஜங்ஷன்ல நான் என் பாதிக்குப் போயிடுவேன், நிறுத்தி வெச்சு அழக் கூடாது. ரெண்டு பேரும்தான்.

வசதியான செருப்புப் போட்டுக்கிட்டு வா. புதுச் செருப்பு வேண்டாம், உனக்குக் குதிகால்ல கடிக்கும்.


ஏப்ரல் 2

வர்றேன்னு சொன்னவங்களுக்கு,

பாருங்க, அண்ணின்னு போடல. எவ்வளவு கஷ்டமா இருக்கு தெரியுமா?

வழிகாட்டிக்குப் போன் பண்ணினேன். அவர்கூடப் போன்ல பேசக் கூடாதுன்னு யாருக்கும் நான் சத்தியம் பண்ணலையே. படகுத்துறையில நின்னு முடிவைச் சொல்றதுதான் அவரோட பெரிய ஐட்டமாம். "அதைச் சொல்லாதீங்க, நாங்க இன்னும் பாக்கலை"ன்னேன். "அப்புறம் எதுக்கும்மா வர்றீங்க?"ன்னார். கடைசியில ஒரு வழி பண்ணினோம். படகுத்துறைக்கு முன்னாடி ஒரு டீக்கடை இருக்காம். நம்ம ரெண்டு பேரையும் அங்க உக்கார வெச்சுட்டு, மத்தவங்களைக் கூட்டிட்டுப் போய்ச் சொல்லிட்டு வருவார். அப்புறம் நம்மைத் தனியாக் கூட்டிட்டுப் போய், முடிவைச் சொல்லாம படகுத்துறையை மட்டும் காட்டுவார். பின்வாசலும் கேட்டேன். "உங்க கூட வர்றவங்கதான் கேக்கச் சொன்னாங்களா?"ன்னு சிரிச்சார். உங்களைப் பாக்காமலே பயந்துட்டார் மனுஷன்.

ரெண்டு பாதிக்கும் நடுவுல உள்ளேயே நடந்து போக வழி கிடையாதாம், பிளாட்பாரத்துல இறங்கித்தான் ஓடணும். அதனால போகும்போது ஜங்ஷன்ல நான் இறங்கி உங்க பாதிக்கு வந்துடறேன். வரும்போது நீங்க என் பாதியில உக்காருங்க, ஜங்ஷன்ல இறங்கி மாறிக்கலாம். அதுதான் நியாயம். ஜன்னல் ஓரமா உக்காந்து கையை வெளியே ஆட்டுங்க, நீங்க எந்தப் பெட்டின்னு தெரியணும்.

கடைசிப் பகுதியை டேப்லெட்ல டவுன்லோட் பண்ணிட்டேன். தலைப்புப் பாட்டைத் தாண்டி ஒரு நொடி கூடப் பாக்கலை, சத்தியமா. வரும்போது ரயில்ல பாக்கலாம். இயர்போன்ல ஆளுக்கு ஒரு காது. நடுவுல வெட்டு இல்லாம, விளம்பரம் இல்லாம முழுசா எடுத்து வெச்சிருக்கேன். எப்படி என் சாமர்த்தியம்?

வீட்ல பல் கண்காட்சிக்குப் போறேன்னு சொல்லியிருக்கேன். அம்மா நம்பிட்டாங்க. அண்ணன், ஐயோ மன்னிச்சுக்கோங்க, அந்த லிஃப்ட் மெக்கானிக் மட்டும், "ஞாயித்துக்கிழமையிலயா?"ன்னு கேட்டுட்டு பேப்பருக்குள்ள தலையை விட்டுக்கிட்டான்.

வாலு


ஏப்ரல் 9

வாலுக்கு,

கடைசிப் பகுதி மத்ததை விட ரெண்டு மடங்கு நீளம்னு போட்டிருந்தாங்க, மறந்துட்டியா? துறைமுகத்துலேர்ந்து ஜங்ஷன் வர்றதுக்குள்ள அது முடியாது. பாதியில நிறுத்தணும். நிறுத்திட்டு நான் இறங்கிடறேன். மீதியை நீ வீட்ல போய்ப் பாத்து எனக்கு எழுது. அதுவும் சரியில்ல. அப்போ என்னதான் பண்றது? அங்க போய்ப் பாத்துக்கலாம்.

இன்னொரு செய்தி. கோர்ட் தேதி வந்துடுச்சு. நாம போயிட்டு வர்ற ஞாயித்துக்கிழமைக்கு அடுத்த வியாழக்கிழமை. உங்க அண்ணனுக்கும் நோட்டீஸ் வந்திருக்கும். உனக்குத் தெரிஞ்சிருக்கும், சொல்லாம இருந்திருக்கே. நான் போட்ட நிபந்தனை, நானே மீறறேன்.

நேத்து ராத்திரி துணி எடுத்து வைக்கும்போதுதான் ஒண்ணு தோணுச்சு. நீ சிரிச்சா உங்க அண்ணன் சிரிக்கிற மாதிரியே இருக்கும். அதே பல் வரிசை. நான் அதை யோசிக்கவே இல்ல. நாள் பூரா எதிர்ல உக்காந்திருப்பே. எனக்குப் பயமா இருக்கு வாலு. வராம இருந்துடலாமான்னு கூட இருக்கு. வராட்டி என்னைத் தப்பா நினைப்பியா?


ஏப்ரல் 12

பயப்படறவங்களுக்கு,

பல்லைக் காட்டாம வர்றேன். மாஸ்க் கையில இருக்கு. குடை ரெண்டு எடுத்துட்டு வர்றேன், நீங்க எப்பவும் குடையை மறந்துடுவீங்க.

நீங்க வராட்டி நான் தப்பா நினைக்க மாட்டேன். உங்க பாதி ரயில்ல ஒவ்வொரு பெட்டியாத் தேடுவேன். அவ்வளவுதான்.

வாலு


ஏப்ரல் 20

அண்ணிக்கு,

ஆமா, அண்ணின்னுதான் போடறேன். நிபந்தனையை முதல்ல மீறினது யாரு? படிக்கட்டுல வெச்சு வழிகாட்டி கேட்டார், "நீங்க ரெண்டு பேரும் அக்கா தங்கச்சியா?"ன்னு. நான் உதட்டைக் கடிச்சுக்கிட்டு செருப்பைப் பாத்துட்டு நின்னேன். நீங்கதான் சொன்னீங்க, "என் நாத்தனார்"னு. நல்ல சத்தமா. "அண்ணியும் நாத்தனாரும் சேர்ந்து ஊர் சுத்தறதை எந்தத் தொடர்லயும் காட்டினதில்லையே"ன்னு அவர் சொன்னதுக்குக் கூட்டமே சிரிச்சுது. எனக்குச் சிரிப்பு வரல. படிக்கட்டு டி.வி.யில பாத்ததுல பாதி கூட இல்லைன்னு நீங்க அளந்துட்டு இருந்தீங்க. நான் அந்தப் பக்கம் திரும்பி மூக்கைத் துடைச்சுக்கிட்டேன்.

பஸ் கிடைச்சுதா? வீடு போய்ச் சேர்ந்தீங்களா? அதைத்தான் முதல்ல கேட்டிருக்கணும்.

இப்ப நேராக் கேக்கறேன். ஜங்ஷன் வந்தது உங்களுக்குத் தெரியாதா? ரயில் நின்னுது. ஆளுங்க இறங்கினாங்க. கழட்டற சத்தம் கூடக் கேட்டுச்சு, தடக்னு ஒரு ஆட்டம். நான் உங்களைப் பாக்கவே இல்ல, பாத்தா சொல்லணும், சொன்னா நீங்க எழுந்து போயிடுவீங்க. பேசக் கூடாதுங்கறதுதானே சட்டம்? விளம்பரம் வந்தாத்தானே வாயைத் திறக்கலாம்? விளம்பரமே இல்லாம டவுன்லோட் பண்ணின புத்திசாலி நான்தான். ரயில் கிளம்பினப்போ இன்ஸ்பெக்டரம்மா லாண்டரிக் கதவைத் தட்டிட்டிருந்தாங்க. உங்க பாதி ரயில் ஜன்னலுக்கு வெளியே வேற பக்கம் வளைஞ்சு போச்சு. நீங்க அதைப் பாத்தீங்க. நீங்க பாத்ததை நான் பாத்தேன். அப்பவும் நீங்க வாயைத் திறக்கல.

லாண்டரிக்காரர்னு தெரிஞ்சப்போ என் கையைப் பிடிச்சு நசுக்கிட்டீங்க, இன்னும் வலிக்குது. பல் டாக்டர் நல்லவர்னு நான் சொன்னேனா இல்லையா?

அண்ணன் ஸ்டேஷனுக்கு வருவான்னு எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. பிளாட்பாரத்துல அவனைப் பாத்ததும் எனக்கு உயிரே போயிடுச்சு. அவனும் உங்களைப் பாத்து அப்படியே நின்னுட்டான். மூணு பேர்ல யார் முதல்ல பேசறதுன்னு தெரியாம நின்னோமே, அதுக்குன்னு ஒரு விளம்பரம் வந்திருக்கக் கூடாதா? அப்புறம் அவன், "உங்க ஊருக்குக் கடைசி பஸ் இன்னும் போகல, வாங்க"ன்னான். ஸ்கூட்டர்ல ரெண்டு பேர்தானே போக முடியும். நீங்க ஏறிப் போயிட்டீங்க. நான் ரெண்டு குடையோட பிளாட்பாரத்துல நின்னுட்டிருந்தேன்.

ஸ்கூட்டர்ல என்ன பேசினீங்க? அவன் வீட்டுக்கு வந்து வாயே திறக்கல. சாப்பிட்டுட்டுப் படுத்துட்டான். எனக்கு மண்டை வெடிச்சுடும் போல இருக்கு. கேக்கவும் பயமா இருக்கு. இந்த வியாழக்கிழமைக்கு அப்புறம் நீங்க எனக்கு எழுதுவீங்களா மாட்டீங்களா, அதை மட்டுமாவது சொல்லிடுங்க.

வாலு


ஏப்ரல் 25

வாலுக்கு,

பஸ் கிடைச்சுது. ஜன்னல் ஓரம். நல்லாத் தூங்கினேன்.

ஸ்கூட்டர்ல நாங்க ஒண்ணுமே பேசல. பஸ் ஸ்டாண்டு வாசல்ல இறக்கிவிட்டுட்டு உங்க அண்ணன் கேட்டார், "யாரு?"ன்னு. எனக்குப் புரியல. "யாரு செஞ்சது? நானும் பாக்கலை"ன்னார். நான் ஆடிப்போயிட்டேன். அந்த மனுஷன் நாலு வருஷமும் பேப்பர் படிச்சுட்டுத்தானே உக்காந்திருந்தார்? லாண்டரிக்காரர்னு சொன்னேன். "நான் முதல் வாரமே சொன்னேன்"னார். "லாண்டரி வெச்சிருக்கறவன் கை எப்படி அவ்வளவு காஞ்சிருக்கும்னு சொன்னேன். நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து உஷ்ஷுன்னீங்க." சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். நானும் சிரிச்சேன். எங்களுக்குள்ள ஒண்ணும் மாறிடல வாலு, நீ கற்பனையை ஓட விடாதே. ஆனா அவ்வளவு நாள் கழிச்சு ரெண்டு பேரும் சேர்ந்து சிரிச்சது நல்லா இருந்துச்சு.

நீ பல் கண்காட்சின்னு சொன்னதை உங்க அண்ணன் ஒரு நிமிஷம் கூட நம்பலையாம். "பல் கண்காட்சிக்கு எவளாவது ரெண்டு குடை எடுத்துட்டுப் போவாளா?"ன்னார். பஸ் கிளம்பற நேரத்துல ஜன்னல்கிட்ட வந்து இன்னொண்ணும் சொன்னார். அதை நீ என்கிட்டச் சொல்லவே இல்ல. வெள்ளிக்கிழமை எட்டு மணியானா நீ போனை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்துடறியாமே. டி.வி. கூடப் போடறதில்லையாம். ஒரு வருஷமாவாடி? நான் தூங்கினேன்னு மேல எழுதினது பொய். வழி பூரா அழுதுக்கிட்டுத்தான் வந்தேன்.

ஜங்ஷன் வந்தது எனக்குத் தெரியும். எழுந்திருக்கணும்னுதான் நினைச்சேன். போன தடவை ஒண்ணும் சொல்லாம எழுந்து போயிட்டேன். இந்தத் தடவை ஒண்ணும் சொல்லாம உக்காந்துட்டேன். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.

வியாழக்கிழமை கோர்ட்ல எல்லாம் முடிஞ்சுது. நான் நினைச்ச அளவு நேரம் கூட ஆகல. வெளியே வந்ததும் உங்க அண்ணன் பையிலேர்ந்து அந்த மேஜை விளக்கை எடுத்து நீட்டினார். "இது எங்க வீட்டுலேர்ந்து வந்தது இல்ல, நான் உங்களுக்கு வாங்கினது. வீடு வேற, நான் வேற"ன்னார். வாங்கிக்கிட்டேன். இதை அந்த வெளிச்சத்துலதான் எழுதறேன். அது சரின்னா, நீயும் வேறதான். உன்னையும் நான் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டியதில்ல.

நீ பண்ணின சத்தியத்தை மீறச் சொல்ல மாட்டேன். உங்க அம்மா தலையில கை வெச்சது. ஆனா யோசிச்சுப் பாத்தேன். வர்ற வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு ஒரு புதுத் தொடர் ஆரம்பிக்குது. எப்படி இருக்கும்னு தெரியாது. டி.வி. வாங்கிட்டேன், சின்னதுதான். எட்டு மணிக்கு நான் போன் பண்ணுவேன். நீ எடு. போன்ல பேசமாட்டேன்னுதானே சத்தியம்? பேசாதே. விளம்பரம் வரைக்கும் நாம என்னிக்குப் பேசியிருக்கோம்?

விளம்பரம் வந்தா நான் பேசறேன். நீ கேட்டுட்டு இரு. கேக்கமாட்டேன்னு யாருக்கும் சத்தியம் பண்ணலையே.

அண்ணி